முத்துவுக்கு ஓர் ஊர் தேடி

திருநெல்வேலி சந்திப்பில் இறங்கியபோதே எனக்குப் பயமாக இருந்தது. மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் தாத்தா கப்பலேறியது சேலத்துப் பக்கத்திலிருந்து என்பார்கள். இந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. கையில் ஒரு முகவரியும், கைப்பேசியில் ஒருவனுடைய சில படங்களும் ஒரு காணொளியும் இருந்தன. அவனுடைய அம்மாவைக் கண்டுபிடித்து, "இவன் என் பிள்ளைதான்" என்று போலீசில் சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

அவன் பெயர் சுடலைமுத்து. எங்கள் வீட்டில் முத்து. பக்கவாதம் வந்து படுத்து, நினைவும் தப்பித் தப்பி வருகிற என் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கஞ்சி ஊட்டியவன். சுற்றுலா விசாவில் வந்து அப்படியே தங்கிவிட்டவன். அதாவது, எங்கள் நாட்டில் கள்ளக்குடியேறி என்று சொல்கிறோமே, அந்த ஆள். அப்பாவுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் குடிநுழைவு அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள்.

பிடித்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஊர் இருந்தால்தானே அனுப்ப? அவனிடம் இருந்த பாஸ்போர்ட்டைப் பற்றித் தூதரகம் இங்கே விசாரித்தது. "அந்தப் பாஸ்போர்ட் தொலைந்துபோனதாகப் புகார் இருக்கிறது. அதற்குரிய சுடலைமுத்து இங்கே தன் வீட்டில்தான் இருக்கிறார்" என்று பதில் வந்தது. அப்படியானால் தடுப்பு முகாமில் இருப்பவன் யார், எந்த நாட்டுக்காரன்? அவனும் வாயைத் திறக்கவில்லை. அங்கிருந்து வெளியே வந்த ஒருவர், அவனுக்குக் காய்ச்சல் விடவே இல்லை, சோறு இறங்கவில்லை என்று சொன்னார்.

தூதரகத்தில் ஓர் அதிகாரி கொஞ்சம் மனசு உள்ளவர். "இன்னொரு முறை விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம். இந்த வாரம் போலீஸ் கேட்பார்கள். இதற்கும் 'எங்கள் ஆள் இல்லை' என்று வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். அப்பாவைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நான் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவள். மாதா மாதம் வரி பிடித்துக்கொண்டுதான் சம்பளம் வரும். "நம்ம வரிப்பணத்தில் இவங்களுக்கு முகாம், இவங்களுக்குச் சோறு, இவங்களுக்கு ஆஸ்பத்திரி" என்று உடன் வேலை செய்கிறவர்கள் பேசும்போது எத்தனையோ தடவை தலையாட்டியிருக்கிறேன். அரசாங்க மருத்துவமனை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வங்காளதேசி நின்றால் முகத்தைச் சுளித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் முத்து கதவைத் திறப்பான். இந்த இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இருந்தன, அவ்வளவுதான்.

முதல் நாள் விடுதி மேலாளர், "எந்தக் கோயிலுக்கு வந்திருக்கிய?" என்று கேட்டார். நெல்லையப்பர் என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். அவரே பக்கத்து மெஸ்ஸில் சொதி நன்றாக இருக்கும் என்று அனுப்பினார். தேங்காய்ப்பால் மணக்க, இஞ்சித் துவையலோடு வைத்தார்கள். எங்கள் ஊர்க் கறிகளில் பாதி தேங்காய்ப்பால்தான் என்றாலும் இவ்வளவு பதவிசாக ஒரு குழம்பை நான் சாப்பிட்டதில்லை. இன்னொரு கரண்டி கேட்க ஆசையாக இருந்தது. முகாமில் இருப்பவனுக்குச் சோறு இறங்கவில்லை என்ற நினைப்பு வந்ததும் இலையை மடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் வண்டி இருமிக்கொண்டே போய் நின்றது. "எல்லாரும் எறங்குங்க, அடுத்த வண்டி வரும்" என்றார் கண்டக்டர். எப்போது வரும் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பேர் படம் எடுத்துப் புகார் அனுப்பியிருப்பார்கள். இங்கே அவரவர் வாய்க்கால் ஓரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை.

பின்வாசல் வழியாக வடநாட்டு இளைஞர்கள் கூட்டமாக இறங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் பொருமத் தொடங்கினார்.

"பாத்தியளாம்மா? ஊரு பூரா இவனுவதான். ஓட்டல்ல இவன், கட்டடத்துல இவன். பெரியாஸ்பத்திரிக்குப் போனா நமக்கு முன்னால சீட்டு வாங்கிட்டு நிக்கான். நாம கட்டுத வரியில இவனுக்கு மருந்து. இதுல எவன் நம்ம நாட்டான், எவன் எல்லை தாண்டி வந்தவன்னு ஆரு பாக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் அலுவலகத்தில் மலாயில் கேட்ட பேச்சை அப்படியே திருநெல்வேலித் தமிழில் கேட்கிறேன். "நீங்க எங்க போறீங்க?" என்று பேச்சை மாற்றினேன்.

"வயலுக்குத்தான். இன்னைக்கு நடவு."

"ஆள் கிடைக்குதா?"

"அந்தா நிக்கானுவல்லா, அவனுவதான் நடுதானுவ. நம்மாளு எவன் குனியுதான்?" என்றார். அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. சிரிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கடைசியில் அவரே கைகாட்டி ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தினார். அந்த இளைஞர்கள் பின்னால் ஏறி எனக்கு ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தார்கள். ஒருவன் இந்தியில் என்னவோ கேட்டான். அவர்களிடம் வேலை வாங்கிப் பழகிய பெரியவர்தான் மொழிபெயர்த்தார்.

"நீங்க எந்த ஊருன்னு கேக்கான்."

மலேசியா என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. படபடவென்று பேசினான்.

"இவன் அண்ணன் அங்கனதான் இருக்கானாம். தோட்டத்துல வேலையாம். ஃபோன் பேசி மாசக்கணக்காச்சாம். நீங்க பாத்தியளான்னு கேக்கான்" என்று சொல்லிப் பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு பெரிய நாட்டில் எங்கே பார்ப்பது என்று சொல்லச் சொன்னேன். அந்தப் பையன் சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஊர்ப் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆற்றங்கரை ஊர் என்பது போதும். வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. முற்றத்தில் வேட்டி விரித்து அப்பளம் காயப்போட்டிருந்தார்கள். உள்ளே ஓர் அம்மாள் பலகைமுன் உட்கார்ந்து அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார். நெற்றி, மூக்கு எல்லாம் முத்துவேதான். முத்துவைக் கேட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவர் கை நின்றது, தலை மட்டும் நிமிரவில்லை.

பதில் சொன்னது முத்துவின் பெரியப்பா. தம்பி இறந்தபிறகு தம்பி மனைவியைத் தன் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றுகிறவர். "நாங்க போலீசுலயே சொல்லியாச்சுல்லா? நாளைக் கழிச்சு திரும்பவும் வரச் சொல்லிருக்காவ, அப்பமும் இதத்தான் சொல்லுவோம். இந்த வீட்டுல சுடலைமுத்து ஒருத்தன்தான். அந்தா இருக்கான் பாருங்க, எம் மவன்" என்றார். ஊஞ்சலில் இருந்து ஒருவன் எழுந்து நின்றான். முத்துவைவிடக் கொஞ்சம் சதைப்பற்று, கொஞ்சம் மீசை. மற்றபடி அதே ஆள்.

"வந்த காரியம் இருக்கட்டும். மொதல்ல சாப்பிடுங்க" என்றார் பெரியப்பா. ஒருவனைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவனைத் தேடி வந்தவளுக்கு இலை போடுகிற வீட்டை நான் பார்த்ததில்லை. உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியல். அந்த அம்மாள்தான் பரிமாறினார். எனக்கு எதிரே குனிந்து சோறு வைக்கும்போது மூச்சுக்காற்றில் கேட்டார்: "அவன் சாப்பிடுதானா?"

நான் தலையை நிமிர்த்துவதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார்.

கை கழுவியதும் கைப்பேசியில் காணொளியை ஓடவிட்டேன். முத்து என் அப்பாவுக்குச் சவரம் செய்கிறான். அப்பா எரிச்சலில் அவன் கன்னத்தில் ஓர் அறை விடுகிறார். அவன் சோப்பு நுரை அப்பிய முகத்தோடு சிரிக்கிறான். அந்த அம்மாள் மாவு ஒட்டிய விரலால் கண்ணாடியைத் தொட்டார். படம் நின்றுவிட்டது. என்ன செய்துவிட்டோமோ என்று பதறிக் கையை இழுத்துக்கொண்டார். பெரியப்பா, "வெயில் போவுது, அப்பளத்தைத் திருப்பிப் போடு" என்றார். அந்த அம்மாளும் எழுந்து போனார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பஸ் நிறுத்தம்வரை மகன்தான் துணைக்கு வந்தான். வீட்டில் அவனைப் பெரிய சொடலை என்றும் முத்துவைச் சின்ன சொடலை என்றும் கூப்பிடுவார்களாம். குலதெய்வம் சுடலைமாடன். அண்ணன் தம்பி இருவருக்கும் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்ததால் இரண்டு பேருக்கும் சாமி பேர். வேறு பேர் வைத்தால் சாமிக்கு ஆகாதாம். ஆற்றுப் பாலத்தின் நடுவில் வந்ததும் அவன் நின்றான்.

"அக்கா, அது என் பாஸ்போர்ட்டுதான். கோயில் கொடைத் திருவிழாவுல நடந்த அடிதடியில அவன் மேல கேசு இருந்துச்சு. அவனுக்குப் பாஸ்போர்ட் கெடைக்கல்ல. எனக்கு அப்பம் போவ முடியல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, ஒரே மூஞ்சி. நீயே போலேன்னு நான்தான் குடுத்தேன்."

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தது?"

"பொறவு எனக்கு வேணுமில்லா? ஆத்துல குளிக்கையில துணியோட போயிட்டுன்னு எழுதிக் குடுத்தோம். இங்கன அதை ஆரும் கேள்வி கேக்கமாட்டாவ. செயினு, மோதரம், பர்சு எல்லாம் ஆத்துலதான போவுது." சொல்லும்போது தண்ணீரைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அவனுக்கு இப்போது புது பாஸ்போர்ட்டில் வளைகுடா விசா வந்திருக்கிறது. அடுத்த வாரம் பயணம். "நான் போயி எறங்குனதும் அப்பா எல்லாத்தையும் சொல்லிருவாவ. அதுவரை பொறுங்க அக்கா. இப்பம் சொன்னா பொய்ப் புகார்னு என்னையப் பிடிச்சிருவான். விசாவும் போவும். எங்க வீட்டுல வேற வருமானம் கெடையாது."

நாளை மறுநாள் போலீஸ் கேட்கப்போகிறார்கள், அதோடு கதவு மூடிவிடும், முத்துவுக்குக் காய்ச்சல் என்றேன். அவன் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது பஸ் ஏறியிருப்பேன்.

மூன்றாம் நாள் முழுக்கத் திருநெல்வேலியில் சும்மா கிடந்தேன். டீக்கடைத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து நம்மவர்களைத் திருப்பி அனுப்பும் செய்தி ஓடியது. "அவன் நாடு, அவன் வரிப்பணம். வெரட்டத்தான் செய்வான்" என்றார் ஒருவர். "அது சரிவே, உம்ம மச்சான் அங்கன என்ன விசாவுல இருக்கான்?" என்றார் கடைக்காரர். கடை முழுக்கச் சிரித்தது. முதலில் பேசியவரும் சிரித்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இதே ஊரில் என்னிடம் யாராவது, "உங்க தாத்தா எந்த விசாவுல போனாரு?" என்று கேட்டுவிடுவார்களோ என்று வேறு பயம் பிடித்துக்கொண்டது.

மத்தியானம் தம்பி கூப்பிட்டான். "அக்கா, என்னால முடியல லா. இடுப்புப் பிடிச்சிக்கிச்சு. ஆளு ஒருத்தன் கிடைச்சிருக்கான். இந்தோனேசியாக்காரன். நாளைலேருந்து வரான், நல்லாத் தூக்குவானாம்."

அவனுக்கு விசா இருக்கிறதா என்ற கேள்வி என் வாய்வரை வந்தது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அவனை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்பாவை யார் தூக்குவது? அப்பா சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் அந்தக் காவல் நிலையத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பெரியப்பாவும் அவர் மகன் பெரியவனும் வந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் அந்த அம்மாள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இவர் இன்னொரு முறை இல்லை என்று சொல்லிவிட்டால் முத்து அந்த முகாமிலேயே கிடந்து செத்துப்போவான். ஆமாம் என்று சொன்னால் சோறு போடுகிற வீட்டுக்கு எதிராகச் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்யச் சொல்லி இவரைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

பெண் எஸ்.ஐ. படத்தைக் காட்டினார். "அம்மா, போன தடவை தெரியாதுன்னு சொன்னிய. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது உங்க மவனா?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அந்த அம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அவன் வலது காலு பெருவிரலைப் பாருங்க. நகம் இருக்காது. மாவு இடிக்கையில உலக்கை விழுந்துட்டு. நான் போட்ட உலக்கைதான்."

எஸ்.ஐ. முகாமிலிருந்து வந்திருந்த கோப்பில் அங்க அடையாளத்தைப் படித்துப் பார்த்தார். பிறகு அதை மூடி வைத்தார். "அப்பம் உங்க மவன்தான்."

"எம் மவன்தான்."

பெரியப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்.ஐ. மெதுவாகப் பெரியவன் பக்கம் திரும்பினார். "அப்படின்னா ஆத்துல போனது என்னது தம்பி?"

பெரியவன் சட்டைக்குள் கைவிட்டு, விசா ஒட்டிய புது பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். "எழுதிக்கிடுங்க மேடம். நான்தான் குடுத்தேன். சித்திக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் மனசு குளிரவில்லை. அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த மின்விசிறிச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே பதில் அனுப்பிவிடுவதாக எஸ்.ஐ. சொன்னார். மகனையும் தகப்பனையும் உள்ளே உட்காரச் சொன்னார்.

அந்த அம்மாள் என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தார். இனி அந்த வீட்டுக்குள் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். "போவத்தான செய்யணும். அப்பளம் கெடக்கு" என்றார். முந்தானை முடிப்பிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் பிள்ளை எங்கள் அப்பாவைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான் என்றேன். என் கையை விடாமலே அவர் கேட்டார்:

"இப்பம் ஒங்க அப்பாவ ஆரு தூக்குதா?"

"ஒரு ஆள் வந்திருக்கான். இந்தோனேசியாக்காரன்."

"அவனுக்கு எல்லாம் சரியா இருக்கா, தாயி?"

அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கோபப்படவில்லை. பஸ் வருகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவன் அம்மா பேரையும் ஊரையும் கேட்டு வச்சுக்கிடுங்க."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். வந்திருப்பவன் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டான், ஆள் சாது, வேலை சுத்தம் என்றான். அவன் பேர் என்ன என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை.

"அப்பா அவனையும் முத்துன்னுதான்க்கா கூப்பிடுறாரு. அவனும் வரான்."